965-ஆம் நம்பர் மிக்ஸர்

மிக்ஸர் விஷயத்தில் நாம் எல்லோருமே விமர்சகர்கள்தான். ஓமப்பொடி ஜாஸ்தி, வேர்க்கடலை கம்மி, போன தீபாவளிக்கு வாங்கினபோது இருந்த ருசி இப்ப இல்லை... ஒரு கைப்பிடி வாயில் போட்டு மெல்வதற்குள் தீர்ப்பு வந்துவிடும். இங்கிலாந்தில் இதே வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பைப்பில் அடைத்துப் புகைக்கிற கலவைப் புகையிலைக்கும் அங்கே மிக்ஸர் என்றுதான் பேர். அதைப் புகைக்கிறவர்களும் தீர்ப்பு சொல்வதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. என்ன, நாம் அரை வரியில் முடிப்பதை அவர்கள் அரைப் பக்கத்துக்கு எழுதுவார்கள்.

எனக்குப் புகைப் பழக்கம் கிடையாது. பைப் என்றாலே, பழைய தமிழ் சினிமாவில் நைட் கவுன் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கி வருகிற பணக்கார அப்பாதான் ஞாபகத்துக்கு வருவார். ஆனாலும் பைப்காரர்கள் தங்கள் புகையிலையைப் பற்றி எழுதி வைத்திருப்பது கையில் கிடைத்தால் விடாமல் படித்துவிடுவேன். சினிமா விமர்சகருக்குக் கதை இருக்கிறது, கதாநாயகி இருக்கிறார், எதையாவது பிடித்துக்கொண்டு இரண்டு பக்கம் ஓட்டிவிடலாம். புகையில் என்ன இருக்கிறது? ஊதினால் போச்சு. அந்தப் போனதைப் பற்றி நான்கு வரி உருப்படியாக எழுதுகிறவன் யார், சும்மா அடித்துவிடுகிறவன் யார் என்று சீக்கிரமே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு டப்பாவை எடுத்துக்கொள்வோம். மை மிக்ஸர் 965.

ஆல்ஃபிரட் டன்ஹில் என்பவர் 1907-ல் லண்டன் டியூக் தெருவில் புகையிலைக் கடை வைத்தார். அதற்கு முன்னால் அவர் குடும்பத் தொழில் குதிரைகளுக்கு சேணம், கடிவாளம் செய்வது. குதிரை போய் கார் வந்த காலம் என்பதால் கார்க்காரர்களுக்கான சாமான்களில் இறங்கி, திறந்த காரில் போகும்போது காற்றில் நெருப்பு அணையாத மாதிரி ஒரு பைப்பைக்கூட 1904-ல் கண்டுபிடித்தார். சாமர்த்தியசாலி. புகையிலைக் கடையிலும் ஒரு சாமர்த்தியம் செய்தார். ரெடிமேடாக விற்காமல், வருகிற ஆளின் ருசி கேட்டு, அவருக்கென்று தனியாகக் கலந்து கொடுத்தார். யாருக்கு எது எவ்வளவு என்று ஒரு ஏட்டில் நம்பர் போட்டு எழுதிக்கொண்டார். அந்த ஏட்டுக்குப் பேர்தான் மை மிக்ஸர். ‘என் கலவை’. நம்ம ஊர் டெய்லர் நோட்டில் அளவு எழுதி வைக்கிற மாதிரி. அடுத்த முறை நம்பரைச் சொன்னால் போதும். அப்படி ஏட்டில் ஏறிய ஒரு நம்பர் பிற்பாடு டப்பாவில் அடைக்கப்பட்டு ஊரெல்லாம் விற்பனைக்கு வந்தது. அதுதான் 965.

உள்ளே என்ன இருக்கிறது? இனிப்பான வர்ஜீனியா இலை, வேக வைத்து அழுத்திப் பதப்படுத்திய கேவண்டிஷ், அப்புறம் லட்டாக்கியா. இந்தக் கடைசி ஆசாமிதான் கதாநாயகன். சிரியாவின் துறைமுகம் ஒன்றின் பேரால் அழைக்கப்படுகிற இலை. இப்போது பெரும்பாலும் சைப்ரஸ் சரக்கு. காய்ந்த இலையை மூலிகைக் கட்டைகளின் புகையில் வாரக்கணக்கில் தொங்கவிட்டுக் கருக்க வைப்பார்கள். அதாவது புகைப்பதற்கு முன்பே ஒரு தடவை புகைக்கப்பட்ட புகையிலை! டப்பாவைத் திறந்தால் விறகடுப்பு வாசனை வருகிறது என்று பைப்காரர்கள் எழுதினால் அதில் கற்பனை ஒன்றும் இல்லை. அது விறகுப் புகைதான்.

965 பற்றிய கருத்துகளில் எனக்கு மதிப்பு உள்ளவை மிகச் சாதாரணமானவை. ‘டப்பாவிலிருந்து எடுத்தவுடன் அடைக்காதே, ஈரமாக இருக்கும், கொஞ்சம் காயவிடு.’ ‘அவசரமாக இழுத்தால் நாக்கைக் கடிக்கும்.’ ‘அடி வரைக்கும் ஒழுங்காக எரிகிறது, சாம்பல் வெள்ளை.’ சமையல்காரர் பேசுகிற மாதிரி இருக்கிறது பாருங்கள். இதில் எதையும் இன்னொருத்தர் தன் பைப்பில் சோதித்துப் பார்த்துவிடலாம். பொய் என்றால் மாட்டிக்கொள்வான்.

அடுத்த ரகம், கவிஞர்கள். இவர்களுக்கு ஒரே இழுப்பில் தோல் செருப்பு, தேவாலயத்து சாம்பிராணி, உலர்ந்த அத்திப்பழம், மழையில் நனைந்த மண் எல்லாம் வந்து நிற்கும். கேலி செய்யச் சுலபமாக இருக்கும். ஆனால் முழுசாகத் தள்ளிவிடவும் மாட்டேன். ருசியில் பெரும்பங்கு மூக்கின் வேலை. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் புகையை விழுங்காமல் கொஞ்சமாக மூக்கு வழியே விட்டுப் பார்க்கிறார்கள். மூக்குக்குத் தெரிகிறதைச் சொல்ல எந்த மொழியிலும் வார்த்தை பஞ்சம்தான். மல்லிகை வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டால் மல்லிகை மாதிரி இருக்கும் என்பதைத் தவிர நம்மால் என்ன சொல்ல முடிகிறது? வேறு பொருளைத்தான் இழுத்தாகவேண்டும். ஒன்றிரண்டோடு நிறுத்தினால் சரி. பதினெட்டு வாசனை எழுதுகிறவர் புகையை விட்டுவிட்டு அகராதியைப் புகைக்கிறார்.

இங்கே ஒரு வேடிக்கை. டன்ஹில் கடையில் 965-க்கு இரண்டு உறவுக்காரர்கள் உண்டு. ஒன்றின் பேர் ‘எர்லி மார்னிங் பைப்’. இன்னொன்று ‘நைட்கேப்’, படுக்கப் போகும் முன் எடுத்துக்கொள்ளும் கடைசிச் சுற்று. முதலாவதைப் பற்றிப் படித்தால் காலைக் காபியோடு பிரமாதம் என்று இருக்கும். இரண்டாவதைப் பற்றிப் படித்தால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் சுகம் என்று இருக்கும். நைட்கேப்பில் லட்டாக்கியா தூக்கல், கூடவே லூசியானா மாநிலத்தில் பீப்பாயில் அழுத்திப் புளிக்க வைக்கிற பெரிக் என்ற முரட்டு இலை. வெறும் வயிற்றுக்கு ஆகாதுதான். ஆனாலும் இத்தனை பேரின் நாக்குக்கு ஒரே சமயத்தில் மணி பார்க்கத் தெரிந்துவிட்டது என்று நான் நம்பத் தயாரில்லை. டப்பாவில் அச்சடித்திருப்பதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். 965-க்கு அந்த வசதி கிடையாது. அது வெறும் நம்பர். காலையா, மாலையா, அரசனா, மாலுமியா, ஒன்றும் சொல்லாது. அதனால் அதைப் பற்றிய அபிப்பிராயங்கள் மட்டும் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடக்கின்றன. க்ரீம் மாதிரி மிருது என்பார் ஒருவர். சாம்பலை நக்கிய மாதிரி என்பார் இன்னொருவர். நாள் முழுக்கப் பிடிக்கலாம் என்பார் மூன்றாமவர். எனக்கு இந்தச் சண்டைதான் பிடித்திருக்கிறது. இங்கேதான் ஆளாளுக்குச் சொந்த நாக்கை நம்பிப் பேசியிருக்கிறார்கள்.

சரி, பெரிய புகாருக்கு வருவோம். ‘பழைய சரக்கு மாதிரி இல்லை சார்!’

965 பல கை மாறிய பண்டம். லண்டனில் கலந்துகொண்டிருந்தது 1980-களின் தொடக்கத்தில் பெல்ஃபாஸ்ட்டில் மர்ரே என்ற கம்பெனிக்குப் போனது. 2000-களின் நடுவில் அங்கிருந்து டென்மார்க் போனது. இந்த இரண்டு தடவையும் தொழிற்சாலை மாறியது, டப்பாவின் மேல் டன்ஹில் பெயர் மாறவில்லை. 2018 வாக்கில் டன்ஹில் பெயரில் பைப் புகையிலை விற்பது நின்றுபோனது. மறுவருஷம் அதே 965, டப்ளின் நகரத்து பைப் கம்பெனியான பீட்டர்சன் பெயரோடு வந்தது. இந்த முறை லேபிள் மாறியது, டென்மார்க் மாறவில்லை.

விமர்சகர்களைப் பரீட்சை வைத்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? மூன்று மாற்றத்துக்குப் பிறகும் புகார் வந்தது. லண்டன்காரர் பெல்ஃபாஸ்ட்டைத் திட்டினார். பெல்ஃபாஸ்ட்டில் பழகியவர் டென்மார்க்கைத் திட்டினார். திட்டு வாங்கிய பெல்ஃபாஸ்ட் சரக்கு, கொஞ்ச நாளில் ‘ஆஹா, அந்தக் காலத்து மர்ரே’ ஆகிவிட்டது. முதல் இரண்டு புகாரையும் காது கொடுத்துக் கேட்பேன். தொழிற்சாலை மாறினால் இலை வாங்குமிடம் மாறும், ஈரப்பதம் மாறும், வெட்டு மாறும். நாக்குக்குத் தெரியத்தான் செய்யும். மூன்றாவது புகார் வேறு ஜாதி. பீட்டர்சன் டப்பாவில் என்னவோ குறைகிறது என்று சொன்னவர்கள் கண்ணால் புகைத்தவர்கள்.

நான் பி.காம் படித்தவன். அக்கவுண்டன்சி வகுப்பில் ‘குட்வில்’ என்று ஒரு சமாசாரம் சொல்லித்தருவார்கள். கடையை விற்கும்போது மேஜை, நாற்காலி, சரக்கு எல்லாவற்றுக்கும் விலை போட்ட பிறகு, ‘நல்ல பேருக்கு’ என்று தனியாக ஒரு தொகை போடுவது. அதைத் தொட்டுப் பார்க்க முடியாது, ஆனால் பேரேட்டில் சொத்தாக உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு அது எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. பீட்டர்சன் டப்பாவில் என்ன குறைகிறது என்று இப்போது கேட்டால், மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளைகூடச் சொல்லிவிடுவார்.

பழைய டப்பாவோடு ஒப்பிடுகிறவர்கள் இன்னொரு கணக்கையும் விட்டுவிடுகிறார்கள். முப்பது வருஷம் மூடியே கிடந்த டப்பாவைத் திறந்து, போன மாதம் வாங்கியதோடு வைத்துப் பார்த்தால் அது என்ன ஒப்பீடு? டப்பாவுக்குள் வர்ஜீனியா இலை வருஷக்கணக்கில் மெதுவாகப் பதமாகிக்கொண்டே இருக்கும், லட்டாக்கியாவின் காரம் தணிந்துகொண்டே போகும். ஊறுகாய் ஜாடி மாதிரிதான். அது போதாதென்று, ஒப்பிடுகிற ஆளுக்கும் முப்பது வயசு கூடியிருக்கிறது. வயசானால் மோப்பம் குறையும். புகைத்தால் இன்னும் குறையும். மாறிப்போனது மிக்ஸர் என்று எழுதுகிறவர்கள் ஏராளம். மூக்கு என்று எழுதியவரை நான் இன்னும் படிக்கவில்லை.

அபிப்பிராயம் ஒரு புகையிலையை எப்படித் தூக்கி நிறுத்தும் என்பதற்கு டன்ஹில்லுக்கும் முந்தைய கதை உண்டு. பீட்டர் பேன் எழுதிய ஜே. எம். பேரி, 1890-ல் ‘மை லேடி நிகோட்டின்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். கதை சொல்லும் ஆசாமி, கல்யாணத்துக்காகப் புகைப்பதை விட்டவர். விட்டவர் சும்மா இருப்பாரா? ஆர்கேடியா மிக்ஸர் என்ற ஒன்றைப் பக்கம் பக்கமாகப் புகழ்கிறார். ஆனால் அது எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்ல மாட்டார். எல்லோருக்கும் அதைப் புகைக்கிற தகுதி இல்லையாம்! அப்புறம் லண்டன் வாசகர்கள் சும்மா விடுவார்களா? சில வருஷம் கழித்து பேரியே, அது கரேரஸ் கடையின் கிரேவன் மிக்ஸர்தான் என்று எழுதிக் கொடுத்தார். கரேரஸ் அதை விளம்பரத்தில் போட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நகைச்சுவைப் புத்தகத்தில் வந்த புகழுரை காசாகிவிட்டது. விமர்சகரின் பேனா விளம்பரதாரரின் பாக்கெட்டுக்குப் போன கதைகளில், இது கொஞ்சம் சிரித்துக்கொண்டே போன கதை.

பேரியின் சிநேகிதர் கானன் டாயில். 1893-ல் வந்த ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், வாட்சனின் கோட்டில் ஒட்டியிருக்கும் சாம்பலைப் பார்த்தே, இன்னும் ஆர்கேடியாதான் பிடிக்கிறாய் போல என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். இல்லாத ஒரு மிக்ஸரின் சாம்பலை இல்லாத ஒரு துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். (அதே ஹோம்ஸ் 1887-ல் வந்த தன் முதல் கதையில் கண்டுபிடித்தது நம்ம திருச்சிச் சுருட்டின் சாம்பல். அது நிஜச் சரக்கு.) பைப்காரர்களின் அபிப்பிராயங்களில் ஹோம்ஸின் குணம் இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும். அவர் சாம்பலைத்தான் பார்த்தார், டப்பாவைக் கேட்கவில்லை.

இந்தக் கருத்துகளிலெல்லாம் இல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். வாசனை எப்படி, காரம் எப்படி, எரிவது எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுவார்கள். உதட்டைப் பற்றி எழுத மாட்டார்கள். பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்று வருவதை 1795-லேயே சோமரிங் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதி வைத்துவிட்டார். 1964-ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் அறிக்கையும் பைப்புக்கும் உதட்டுப் புற்றுக்கும் உள்ள தொடர்பை உறுதி செய்தது. அதே 1964-ல்தான் பிரிட்டனில் ‘இந்த ஆண்டின் பைப் புகைப்பாளர்’ என்று பரிசு கொடுக்க ஆரம்பித்தார்கள். மறுவருஷம் அதை வாங்கியவர் பிரதமர் ஹெரால்ட் வில்சன். வெளியே பைப்பும் கையுமாகப் போஸ் கொடுத்தவருக்குத் தனிமையில் பிடித்தது சுருட்டு என்பது பிற்பாடு வந்த தகவல். பைப் புகையை விழுங்குவதில்லை, ஆகவே ஆபத்தில்லை என்பது இவர்களிடம் ரொம்ப நாளாக உலவுகிற சமாதானம். விழுங்காவிட்டால் என்ன? நிகோட்டின் வாயின் தோல் வழியாகவே உள்ளே போகிறது. நைட்கேப் தலை சுற்ற வைத்தது என்று எழுதுகிறவர், தான் எழுதியதற்கு அர்த்தம் என்ன என்று யோசித்திருக்கலாம்.

965 பற்றிய நீண்ட புகழுரைகளின் கடைசியில் பல சமயம் ஒரு வரி தொங்கும். மனைவிக்கு வாசனை பிடிக்கவில்லை, தோட்டத்தில் போய்ப் பிடிக்கச் சொல்லிவிட்டாள், ஹாஹா. அத்திப்பழம், சாம்பிராணிக்கெல்லாம் பத்து வரி ஒதுக்கியவர் இதற்கு அரை வரி கொடுத்திருப்பார். லட்டாக்கியாவை ரயில் எஞ்சினோடும் எரிகிற டயரோடும் ஒப்பிட்ட அந்தம்மாக்களின் விமர்சனத்தை முழுசாக வாங்கிப் போட்டால் நான் காசு கொடுத்தே படிப்பேன்.