நைச்யாநுஸந்தானம்: உபசார வார்த்தையா, உள்ளபடியான உணர்வா?

ஸ்ரீ ஆளவந்தார் அருளிச்செய்த ஸித்தித்ரயத்துள் ஒன்று ஆத்மஸித்தி. தேஹமே ஆத்மா, இந்த்ரியங்களே ஆத்மா, மனமே ஆத்மா, ப்ராணனே ஆத்மா என்று கூறுவாருடைய பக்ஷங்களை ஒவ்வொன்றாக எடுத்து நிரஸித்து, இவை அனைத்திலும் வேறுபட்டதாய் ஸ்வயம்ப்ரகாசமாயிருக்கும் ஆத்மஸ்வரூபத்தை நிலைநாட்டும் நூல் அது. அந்நூலை அருளிய அவரே ஸ்தோத்ர ரத்னத்தின் 22ஆம் சுலோகத்தில், எம்பெருமான் திருவடிகளில் சரணம் புகுமிடத்து, தாம் தர்மத்தில் நிலைநின்றவர் அல்லர் என்றும், ஆத்மாவை அறிந்தவர் அல்லர் என்றும், திருவடிகளில் பக்தி உடையவர் அல்லர் என்றும் விண்ணப்பம் செய்கிறார். ஆத்மஸித்தி செய்தவர் ஆத்மாவை அறியாதவர் என்பது எவ்வாறு பொருந்தும்?

இக்கேள்வி ஒரு சுலோகத்தோடு நிற்பதன்று. ஆழ்வார்கள் தொடங்கி ஆசார்யர்கள் ஈறாக நம் பூர்வர்கள் அனைவரும் நைச்யாநுஸந்தானம் செய்திருக்கின்றனர். அவ்வநுஸந்தானம் உண்மையாயின், அறிவில்லாதவர் என்று தாமே கூறிக்கொண்டவருடைய திருவாக்கை ப்ரமாணமாகக் கொள்வது எங்ஙனே? உண்மையன்றாயின், ஸர்வஜ்ஞனான எம்பெருமான் திருமுன்பே பொய் உரைத்ததாக முடியாதோ? முதற்பக்ஷத்தில் ஆப்தத்வம் குலைகிறது. இரண்டாம் பக்ஷத்தில் ஸத்யம் குலைகிறது. இவ்விரண்டுக்கும் அஞ்சி, 'இது பெரியோர் வழக்கமாகச் சொல்லும் பணிவுரை' என்று கூறிக் கடந்துபோவாரே இன்று மிகுதி. அங்ஙனம் கடந்துபோனால் ஸ்தோத்ர ரத்னத்தின் முற்பகுதியும், திருவாய்மொழியில் சில திருப்பதிகங்களும் அலங்காரமாத்ரமாய் ஒழியும். ஆகையாலே இவ்விஷயம் ஆராயத்தக்கது.

அவையடக்கமும் நைச்யமும்

தமிழ்ப் புலவர்கள் நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் கூறுவது மரபு. கம்பநாட்டாழ்வார், இராமகாதையைத் தாம் சொல்லப் புகுந்ததைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட எண்ணிய பூனையின் செயலோடு ஒப்பிட்டார். மிக அழகிய உவமை. ஆயினும் அவையடக்கத்தின் இலக்கு அவை. தம்மிலும் கற்றோர் கேட்டிருக்கிறார்கள், குற்றம் கண்டால் பொறுக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. அங்கே அளவுகோல் பிற மனிதருடைய அறிவு. ஒருவன் அவையில் உள்ள அனைவரையும் விட மிகக் கற்றவனாயின், அவனுடைய அவையடக்கம் உபசாரமே ஆகும். அதில் பிழையும் இல்லை.

நைச்யத்தின் இலக்கு எம்பெருமான். ஆங்கே அளவுகோலும் அவனே. இவ்வேறுபாட்டை ஆளவந்தார் கையாளும் கடல் உவமையிலேயே காணலாம். எம்பெருமானுடைய மஹிமையாகிற கடலில் ஒரு திவலையின் அணுவளவையும் சிவனும் பிரமனும் உள்ளிட்டோராலும் அளந்தறிய முடியாதிருக்க, அதைத் துதிக்கப் புகுந்த வெட்கமற்ற கவியாகிய தமக்கே ஒரு நமஸ்காரம் என்று தம்மைத் தாமே பரிஹஸித்துக்கொள்கிறார். அடுத்த சுலோகத்தில், கடலுள் அமிழ்ந்துவிட்ட பின் அணுவுக்கும் பெருமலைக்கும் என்ன வாசி என்று கேட்கிறார். கம்பர் உவமையில் பூனை கரையில் நிற்கிறது. கடலைத் தன்னுள் அடக்கப் பார்க்கிறது. ஆளவந்தார் உவமையில் அணுவும் மலையும் கடலுள்ளே கிடக்கின்றன. கரையில் நிற்கையில் பூனைக்கும் யானைக்கும் வாசி உண்டு. உள்ளே அமிழ்ந்தவற்றுக்குள் வாசி சொல்ல ஒருவரும் இல்லை. வேதங்களும் நான்முகன் முதலானோரும் துதித்தது இப்படியே என்று அவர் கூறுவதன் கருத்தும் இதுவே.

துதியிலிருந்து ஒதுங்காமை

இவ்விடத்தில் மூன்று சுலோகங்கள் அமைந்த முறை கூர்ந்து நோக்கத்தக்கது. முதலாவது, துதிக்க இயலாது என்று நாணுகிறது. இரண்டாவது, 'அல்லது' என்று பொருள்படும் ஒரு சொல்லால் தொடங்கி அந்நாணத்தைத் திருப்புகிறது: இளைக்குமளவும், அன்றேல் அறிவு செல்லுமளவும் துதிக்கலாம். மூன்றாவது இன்னும் ஓரடி மேலே செல்கிறது. துதிப்பவனுடைய சக்தியின் மிகுதியைக் கண்டு எம்பெருமான் இரங்குகிறானல்லன். துதித்து இளைத்தவனுடைய இளைப்பைக் கண்டே இரங்குகிறான். அவ்விளைப்போ மந்தமதியுடையோனுக்கு எளிதில் உண்டாவது. ஆகவே இம்முயற்சி தமக்கே தகும் என்று முடிக்கிறார்.

அறிவின் குறை, துதிக்கத் தடையாக வந்தது. முடிவில் துதிக்கும் அதிகாரமாக நின்றது. நைச்யத்தை வெறும் பணிவுரையாகக் கொள்வோர் முதற் சுலோகத்தோடு நின்றுவிடுகின்றனர். மூன்றையும் சேர்த்து வாசித்தால், ஆளவந்தார் தம்மைத் தாழ்த்திக்கொள்வதை ப்ரயோஜனமாகக் கொள்ளவில்லை என்பது விளங்கும். எம்பெருமானுடைய இரக்கம் எதைப் பற்றி வருகிறது என்பதையே அவர் நிரூபிக்கிறார். அறிவின் அளவைப் பற்றி அவ்விரக்கம் வருமாயின், பிரமனுக்கும் அது கிட்டாது.

சிறிய ஞானம்

ஆளவந்தாருக்கு இந்நடையில் வழிகாட்டி நம்மாழ்வார். திருவாய்மொழி முதற்பத்தின் ஐந்தாம் திருப்பதிகத்தில் ஆழ்வார், நித்யஸூரிகளுக்குத் தலைவனானவனை, வெண்ணெய் களவுகண்டவனே என்று பாவியான தம் வாயால் அழைத்தேனே என்று அஞ்சி அகலப் பார்க்கிறார். எம்பெருமானோ தன் சீலத்தைக் காட்டி அவரைச் சேர்த்துக்கொள்கிறான் என்பது வ்யாக்யானங்களின் திரண்ட கருத்து.

இப்பதிகத்தின் இரண்டாம் பாசுரம் நம் கேள்விக்கு நேரே விடையளிக்கிறது. தேவர்களும் முனிவர்களும் உள்ளம் உருகிப் பூவும் புகையும் கொண்டு ஆராதித்தாலும் அவன் பெருமை மாசுபடாதோ என்று ஆழ்வார் கேட்கிறார். முதற்பாசுரத்தில் தம்மை அயோக்யர் என்றவர், இரண்டாம் பாசுரத்தில் உயர்ந்தோர் அனைவரையும் தம்மோடு ஒரே வரிசையில் நிறுத்திவிட்டார். மற்றவரினும் நான் தாழ்ந்தவன் என்னும் ஒப்பீடு அங்கே அற்றுப்போகிறது. ஆகையால் ஆழ்வாருடைய நைச்யம் பிறரோடு ஒப்பிட்டுப் பிறந்ததன்று, விஷயத்தின் வைலக்ஷண்யத்தைக் கண்டு பிறந்தது என்பது தெளிவு.

ஏழாம் பாசுரத்தில் ஆழ்வார் தம்மைச் சிறிய ஞானம் உடையவராகவே சொல்லிக்கொள்கிறார். எத்தகைய அறிவுடையாருக்கும் அறிதற்கு அரியவன் அவன் என்றும் அங்கேயே கூறுகிறார். எனினும் அவனைக் காணவேண்டும் என்று கூப்பிடுகிறார். இதைவிடப் பெரிய அறிவுகேடு உண்டோ என்றும் தாமே சொல்லிக்கொள்கிறார். எம்பெருமானே நிர்ஹேதுகமாக மயக்கமற்ற ஞானமும் பக்தியும் அருளப்பெற்ற ஆழ்வார் இவர். அத்தகைய ஞானமே தன்னைச் சிறிது என்று அறிகிறது. ஞானம் சிறிது என்று அறிந்தும் கூப்பீடு நிற்கவில்லை. இவ்விரண்டும் ஒருங்கே இருப்பதே நைச்யத்தின் லக்ஷணம். கூப்பீடு நின்று, சிறுமை மட்டும் எஞ்சினால் அது அவஸாதம். அதை நம் பூர்வர்கள் கொண்டாடவில்லை.

எல்லையில்லாததன் எல்லை

இனி, அறியாமையைக் கூறுவது ஆப்தத்வத்துக்குக் குறையாகாதோ என்னும் ஆக்ஷேபத்தைப் பார்ப்போம். இதற்கு ஸமாதானம் கூரத்தாழ்வானுடைய ஸ்ரீஸ்தவத்தில் கிடைக்கிறது. பிராட்டியின் மஹிமைக்கு எல்லையை எம்பெருமானும் அறிகிறிலன், பிராட்டி தானும் அறிகிறிலள் என்று அவர் அருளிச்செய்கிறார். அப்படியாயின் இருவருடைய ஸர்வஜ்ஞத்வமும் குறையாதோ எனில், குறையாது. இல்லாத ஒன்றை அறியாதிருப்பதே ஸர்வஜ்ஞத்வத்துக்குப் பொருந்தும். ஆகாயத்தாமரையை 'இதோ' என்று கண்டதாகச் சொல்பவனை அன்றோ ப்ராந்தன் என்பார்கள் என்று யுக்தியும் காட்டுகிறார்.

இந்த யுக்தியைச் சேதனன் அறிவிலும் ஏற்றிப் பார்க்கலாம். எம்பெருமான் குணங்களுக்கு எல்லை இல்லை. எல்லை கண்டேன் என்பவனே அறியாதவன். கண்டிலேன் என்பவன் உள்ளதை உள்ளபடி அறிந்தவன். ஆகவே, என் அறிவு எட்டவில்லை என்னும் வார்த்தை யதார்த்த ஜ்ஞானத்தின் வெளிப்பாடே. அதனால் ஆப்தத்வம் உறுதிபெறுமேயன்றிக் குலையாது. ஆனந்தத்தை அளக்கப் புகுந்த வேதமும் வாக்கும் மனமும் மீண்டதையே சொல்லிற்று. அதனால் வேதத்துக்கு அப்ராமாண்யம் சொல்வார் யாரும் இல்லை.

சேதனனுக்கு ஒரு விசேஷம் உண்டு. எம்பெருமானும் பிராட்டியும் எல்லையை அறியாதது எல்லை இல்லாமையாலே. சேதனனோ உள்ளவற்றிலும் பெரும்பாலானவற்றை அறியமாட்டான். ஆகையால் அவனுடைய நைச்யத்துக்குக் காரணம் இரண்டு: விஷயத்தின் அபாரத்வமும், தன் அறிவின் அல்பத்வமும். இவ்விரண்டும் உண்மை. ஒன்றேனும் உபசாரமன்று.

ஆத்மாவை அறிந்திலேன் என்றது

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு மீள்வோம். 22ஆம் சுலோகத்தில் மறுக்கப்படும் மூன்றும் முறையே கர்மயோகம், ஜ்ஞானயோகம், பக்தியோகம் என்னும் உபாயங்களைக் குறிப்பன என்பது ஸம்ப்ரதாயத்தில் கொள்ளப்படும் பொருள். ஆகையால் அங்கே ஆத்மாவை அறிந்திலேன் என்றது, சாஸ்த்ரத்தால் ஆத்மாவின் ஸ்வரூபத்தை நிர்ணயித்த அறிவை மறுத்ததன்று. ஜ்ஞானயோகத்தால் ஆத்மஸாக்ஷாத்காரம் பெற்று, அதைத் தம் கைம்முதலாக எம்பெருமானிடம் காட்டும் நிலையையே மறுத்தது. ஆத்மஸித்தியால் ப்ரதிவாதியை வெல்லலாம்; அதைக் காட்டி எம்பெருமானைப் பெற முடியாது. வாதத்துக்குப் போதிய அறிவு, பேற்றுக்குக் கைம்முதல் ஆகாது. இவ்விரண்டு அறிவுக்கும் உள்ள வாசியை அறிந்தவரே இப்படி விண்ணப்பம் செய்ய வல்லவர்.

இதனால் மற்றொரு விஷயமும் தெளிவாகும். ஆகம ப்ராமாண்யத்தில் ப்ரதிவாதிகளுக்கு எதிரே ஆளவந்தார் நைச்யம் பேசுவதில்லை. வாதத்தில் வென்று 'ஆளவந்தார்' என்னும் திருநாமம் பெற்றவர் அவர். அப்படியே சததூஷணி அருளிய வேதாந்த தேசிகன் தயாசதகத்தில் தம்மை அபராதம் செய்தவர்களுள் சக்ரவர்த்தியாகச் சொல்லிக்கொள்கிறார். பூருவாசார்ய க்ரந்தங்களைப் பழுதறக் கற்று வ்யாக்யானித்த மணவாள மாமுனிகள் யதிராஜ விம்சதியின் 20 சுலோகங்களில் எம்பெருமானார் திருமுன்பே தம் குறைகளை அடுக்குகிறார். நைச்யத்துக்கு உரிய ஸந்நிதி ஒன்று. வாதத்துக்கு உரிய களம் மற்றொன்று. சாஸ்த்ரார்த்தம் கேட்டவிடத்து 'அடியேன் அறியேன்' என்று ஒதுங்குவதற்கு நைச்யத்தைத் துணையாகக் கொள்வது, இவ்வாசார்யர்கள் எவரும் காட்டாத வழி.

வ்யாக்யான மரபில்

நைச்யம் வார்த்தையளவில் நில்லாமல் வ்யாக்யானம் செய்யும் முறையிலேயே ஊறிக்கிடப்பதையும் காணவேண்டும். ஈட்டில் ஒரு பாசுரத்துக்கு ஒரு பொருள் அருளிச்செய்தபின் 'அன்றிக்கே' என்று மற்றொரு பொருள் வரும். முன்னோர் இருவர் வெவ்வேறாக நிர்வஹித்திருந்தால் இரண்டும் அவரவர் திருநாமத்தோடு காக்கப்பட்டிருக்கும். பாசுரத்தின் பொருள் ஒருவர் அறிவுக்குள் அடங்கிவிடும் என்று எண்ணியிருந்தால் இச்சொல்லுக்கு இடமேயில்லை.

இது எளிதில் வந்த முறையன்று. திருமாலையாண்டானிடம் எம்பெருமானார் திருவாய்மொழிப் பொருள் கேட்டருளியபோது, இரண்டாம் பத்தின் மூன்றாம் திருப்பதிகத்தில், அறியாப் பருவத்தைப் பற்றிய மூன்றாம் பாசுரம் வந்தது. ஆண்டான் அதை இழவாக நிர்வஹித்தார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் உகப்பாயிருக்க இடையில் இழவு வருவது எங்ஙனே என்று எம்பெருமானார் சொற்களைக் கூட்டும் முறையை மாற்றி, உபகார ஸ்ம்ருதியாகப் பொருள் அருளினார். ஆளவந்தாரிடம் இப்பொருள் கேட்டதில்லை என்று ஆண்டான் பாடத்தை நிறுத்தினார். திருக்கோஷ்டியூர் நம்பி எழுந்தருளி, ஆளவந்தார் இப்பொருளும் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று கூறியபின் பாடம் தொடர்ந்தது.

ஆண்டான் நிறுத்தியதும் பணிவாலேதான். ஆசார்யனிடம் கேளாததைச் சொல்லலாகாது என்னும் பணிவு. ஆனால் தாம் கேட்டதே ஆசார்யன் அருளியதன் எல்லை என்று கொண்டவிடத்து அப்பணிவு ஒரு வேலியாயிற்று. நம்பியின் வார்த்தையால் அவ்வேலி நீங்கியது. மீண்டும் பாடம் சொன்ன ஆண்டானுடைய பெருமையும் அதனால் விளங்கிற்று. எம்பெருமானார் கேள்வி கேளாது தலையசைத்திருந்தால், அதைப் பணிவு என்று உலகம் புகழ்ந்திருக்கும். நமக்கு ஒரு பொருள் இழவாயிருக்கும்.

காலக்ஷேப கோஷ்டிகளில் இன்று இளைஞர் ஒருவர் ஐயம் கேட்டால், அதை அஹங்காரம் என்று அடக்கும் வழக்கம் சிலவிடங்களில் காணப்படுகிறது. சொல்பவருடைய அறிவே எல்லை என்று கருதும் அஹங்காரம் அவ்வடக்குதலில் மறைந்திருக்கக்கூடும். ஆழ்வாரும் ஆளவந்தாரும் காட்டிய நைச்யம், கேட்பவரை அடக்க அன்று, சொல்பவர் தம் அளவை உணர ஏற்பட்டது. ஐயம் கேட்டவருக்கு விடை தெரிந்தால் சொல்லுவதும், தெரியாவிடில் 'அன்றிக்கே' என்று மற்றொரு நிர்வாஹத்துக்கு இடம் வைப்பதும், அறிந்த பெரியோரிடம் அனுப்புவதுமே அந்நைச்யத்தின் அநுஷ்டானம்.