சொல்லே தடயம்

ஆங்கிலம் கற்பவர்களுக்குத் துப்பறியும் கதைகளைக் கொடுக்கலாம், கடினமான சொற்களை மட்டும் எளிமையாக்கிவிட வேண்டும் என்ற கருத்து இன்று கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. நம் நான்-டீட்டெயில் புத்தகங்கள் ஷெர்லக் ஹோம்ஸைச் சுருக்கித் தந்ததும் இந்த நம்பிக்கையில்தான். கதை ஆர்வத்தைத் தூண்டட்டும், சொற்களைப் பிறகு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்பது அதன் கணக்கு. செவ்வியல் துப்பறியும் கதையைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு அடியோடு தவறு. அங்கே குற்றத்தின் தடயம் பல வேளைகளில் ஒரு சொல்லுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. சொல்லை மாற்றினால் தடயம் அழிகிறது. அந்தச் சொல்லைக் கற்க வாசகனுக்கு இருந்த காரணமும் கூடவே அழிகிறது.

இந்த வகைமை பிறந்ததே மொழி பற்றிய ஒரு குழப்பத்தோடுதான். 1841இல் எட்கர் ஆலன் போ எழுதிய ரூ மார்க் கொலைக் கதையில், மாடியில் கேட்ட கீச்சுக் குரல் எந்த மொழியில் பேசியது என்பதில் சாட்சிகள் முரண்படுகிறார்கள். அந்த முரண்பாடுதான் துப்பு. வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' (1868) பல கதைசொல்லிகளின் வாக்குமூலங்களை எடைபோட வாசகரைப் பழக்கியது. 1887இல் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் இதை இன்னும் கூர்மையாக்கினார். 'பாஸ்கோம் வேலி' கதையில், இறக்கும் தந்தை எலியைக் குறிக்கும் 'ரேட்' என்ற சொல்லை முனகியதாக மகன் நினைக்கிறான். அது பல்லரேட் என்ற ஆஸ்திரேலிய ஊர்ப்பெயரின் வால் என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். 'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்' கதையில், இறந்தவள் சொன்ன 'பேண்ட்' கும்பலா, பட்டையா என்ற ஐயத்தில் ஹோம்ஸே முதலில் நாடோடிக் கும்பலின் பக்கம் போய்விடுகிறார். எளிமைக்காக அங்கே வேறொரு சொல்லைப் போடும் பதிப்பாசிரியர் கதையின் முடிச்சையே அவிழ்த்துவிடுகிறார்.

ஆனாலும் சொல்லுக்குள் தடயத்தை ஒளிக்கும் இந்தக் கலை முழுமை பெற்றது இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட பொற்காலத்தில்தான். முதல் உலகப் போரின்போது டார்க்கி மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை செய்த அகதா கிறிஸ்டி, 1920இல் வெளிவந்த தம் முதல் நாவலிலேயே அந்த அறிவைப் பயன்படுத்தினார். புரோமைடு சேர்ந்ததும் மருந்திலிருந்த ஸ்ட்ரிக்னைன் வீழ்படிவாகிப் புட்டியின் அடியில் தங்குகிறது. கடைசி வேளை மருந்து உயிரைப் பறிக்கிறது. ஆங்கிலத்தில் வீழ்படிவைக் குறிக்கும் சொல்லை வேதியியல் பாடத்தில் படித்தவர் மறக்கலாம், இங்கே படித்தவர் மறக்கமாட்டார். டாரதி சேயர்ஸ் இன்னும் துணிச்சலானவர். 'தி நைன் டெய்லர்ஸ்' (1934) நாவலில் தேவாலய மணியடிப்பின் கலைச்சொற்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. தலைப்பிலுள்ள டெய்லர்ஸ் தையற்காரர்கள் அல்லர். ஓர் ஆண் இறந்ததை ஊருக்கு அறிவிக்கும் ஒன்பது மணியோசைகள். விமர்சகர் எட்மண்ட் வில்சன் துப்பறியும் கதைகளைத் தாக்கி 1945இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அந்தப் பகுதிகள் கலைக்களஞ்சியக் கட்டுரைபோல் இருப்பதாகவும், பலவற்றைத் தாண்டிப் போனதாகவும் சொன்னார். நல்ல விமர்சகரின் மோசமான வாசிப்பு அது. மணியடிப்பு முறை தெரியாமல் அந்த நாவலின் மறைகுறியீட்டை அவிழ்க்க முடியாது. மரணத்தின் காரணமும் அந்த மணிகளில்தான் இருக்கிறது.

எளிமையாக்கத்தை ஆதரிப்பவர்களிடம் இரண்டு வலுவான வாதங்கள் உண்டு. ஒன்று, குதிரைவண்டியும் எரிவாயு விளக்கும் இருந்த காலத்துச் சொற்கள் இன்று எதற்கு என்பது. வண்டிகளின் பெயர்கள் வழக்கொழிந்திருக்கலாம். ஆனால் நோக்கம், ஐயம், அனுமானம், வாக்குமூலம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் நீதிமன்றத்திலும் நாளிதழிலும் இன்றும் புழங்குகின்றன. மற்றொன்று, ஒரு பக்கத்தின் சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருந்தால்தான் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள முடியும் என்ற ஆய்வு முடிவு. இதை ஒதுக்கிவிட முடியாது. தொடக்க நிலையில் சுருக்கப் பதிப்பு தேவைதான். ஆனால் அதே ஆய்வுலகில் ஸ்டீபன் கிராஷன் 1981இல் முன்வைத்த கருத்தும் இருக்கிறது: ஒரே ஆசிரியரை, ஒரே துறையைத் தொடர்ந்து படித்தால் அதே சொற்கள் மீண்டும் மீண்டும் வந்து சுமை குறையும். ஹோம்ஸுக்கு மட்டும் 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் உள்ள இந்த வகைமையை விட அதற்குப் பொருத்தமான இடம் வேறு எங்கே கிடைக்கும்?

ஆகவே மாற்ற வேண்டியது நூல்களின் வரிசையை; சொற்களை அப்படியே விட்டுவிடலாம். உரையாடல் மிகுந்த, வாக்கியம் குறுகிய கிறிஸ்டியில் தொடங்கி, டாயிலுக்குச் சென்று, சேயர்ஸை அடையட்டும் மாணவர். மூவரையும் முழு மூலத்தில் படிக்கட்டும். கொலையாளி யார் என்று தெரிந்தபின் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி, தாம் எந்தச் சொல்லில் ஏமாந்தோம் என்று தேடவைக்கும் ஆற்றல் இந்தக் கதைகளுக்கு உண்டு. அந்த இரண்டாம் வாசிப்பில்தான் சொல் அவருடையதாகிறது. எந்தப் பட்டியலாலும் கொடுக்க முடியாத அந்த வாய்ப்பை, உதவி என்ற பெயரில் நாம் பறிக்கக் கூடாது.