திரைப்படத்திலே துப்பாக்கி

நாடக வழக்கும் உலகியல் வழக்கும் தம்முட் பொருந்தியவிடத்தே புலனெறி சிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அகப்பாட்டுக்கு உரிய இவ்வளவுகோலைச் சண்டைத் திரைப்படங்களுக்கும் வைத்து நோக்கலாம்.

அப்படங்கள் பலவற்றில் உலகியல் முற்றாகக் கைவிடப்படுகின்றது. தலைவனது துப்பாக்கியில் ரவைகள், அட்சய பாத்திரத்து அன்னம்போலக் குறைவதேயில்லை. சுடப்பட்டவனோ பத்தடி பின்னே தூக்கி எறியப்படுகின்றான். நியூற்றனின் மூன்றாம் விதியைக் கற்ற மாணவன் இதற்கு நகைப்பான். ரவை ஒருவனை அவ்வாறு எறியுமாயின், சுட்டவனையும் துப்பாக்கி அவ்வாறே எறிதல் வேண்டுமன்றோ? நிமிடத்துக்கு 800 ரவைகள் வீதம் சுடும் துப்பாக்கி, 30 ரவைகள் கொண்ட கூட்டினை இரண்டேகால் விநாடியில் வெறிதாக்கிவிடும். இவ்வெல்லையை மறந்த படத்தில் அச்சமும் இல்லை. ஆதலின் வீரமும் இல்லை.

மைக்கல் மான் இயக்கிய 'ஹீற்' (1995) இவ்வெல்லையை மறவாத படம். வங்கியைக் கொள்ளையிட்டோர் லொஸ் ஏஞ்சலிஸ் நகர வீதியிற் பொலிசாருடன் பொருதுங் காட்சிக்காக, நடிகர்கள் மெய்யான ரவைகளைக் கொண்டு முன்னரே பயிற்சி பெற்றனர். வல் கில்மர் ரவைக்கூட்டினை மாற்றும் விரைவு பெரிதும் பாராட்டப்பட்டது. உயர்ந்த மாடங்களிடையே மோதி எதிரொலித்த வெடியோசை, படப்பிடிப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதிவானது. காண்போர் செவியும் அங்கே அஞ்சுகின்றது.

எனினும், கைவிரைவு ஒன்றையே மெய்ம்மை எனப் போற்றுவார் படத்தின் பாதியையே கண்டவராவர். அக்காட்சியின் முடிவை நோக்குக. கொள்ளையருள் ஒருவன் சிறு பெண்ணொருத்தியைத் தூக்கிக் கேடயமாகப் பிடிக்கின்றான். அவனைத் துரத்திவந்த அதிகாரி, அல் பசீனோ, உடனே சுடாது நின்று குறிபார்த்து, ஒரே ஒரு ரவையைச் செலுத்துகின்றார். அதுகாறும் மழையெனப் பொழிந்த ரவைகளுக்குப் பின்னர், அவ்வொன்றின் விலை நமக்குப் புலனாகின்றது. குறி ஓரங்குலம் தவறின் அழிவது குழந்தை என்பதை அந்த ஒருகணத் தயக்கம் உணர்த்துகின்றது.

துப்பாக்கியைப் பிடிக்கும் முறையில் மட்டுமன்றிச் சுடாது பொறுக்குங் கணத்திலும் உண்மை இருத்தல் வேண்டும். 2009ஆம் ஆண்டுவரை வெடியோசையை நேரிற் கேட்டு வாழ்ந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை. ஆயின், அவ்வோசையைத் திரையில் மட்டுமே கேட்டறியும் இன்றைய மாணவர், உயிரின் விலையையும் அங்கேயே கற்கக்கூடும். அதனைப் பொய்யாகக் கற்பிக்கும் படம், எத்துணை இன்பம் பயப்பினும், குறையுடையதே.