தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்: மேடை ஒலியும் பதிவு ஒலியும்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையைச் சேர்ந்த தனியிசைக் குழு. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து இதனை உருவாக்கினர். முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது. அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதிபேதமற்ற' என்னும் சொல்லாட்சியே குழுவின் பெயருக்கு மூலம். கானா, ராக், ராப் மூன்றும் இதன் இசையில் கலந்துள்ளன. 'மகிழ்ச்சி' இவர்களின் பாடல் தொகுப்பு.

அமெரிக்கானா என்று வழங்கும் இசைவகையோடு இக்குழுவை ஒப்பிடலாம். அதுவும் நாட்டார் பாடல், தேவாலயப் பாட்டு, ப்ளூஸ் ஆகியவற்றை மின்கிதாருடன் இணைத்து வளர்ந்ததே. அவ்வகைக்கு முன்னோடியான 'தி பேண்ட்' குழு 1969இல் வெளியிட்ட தன் இரண்டாவது தொகுப்பின் பெரும்பகுதியை ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்யவில்லை. ஹாலிவுட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அதன் நீச்சல்குளத்தை ஒட்டிய அறையில் ஒன்றாக அமர்ந்து வாசித்தனர். ஒருவரின் வாசிப்பு அடுத்தவரின் ஒலிவாங்கியிலும் கொஞ்சம் விழும். அந்தக் கசிவில்தான் ஒரு கூட்டம் சேர்ந்து வாசிக்கும் உணர்வு கிடைக்கிறது.

காஸ்ட்லெஸ் கலெக்டிவுக்கு இது இன்னும் அதிகம் தேவைப்பட்டது. மேடையில் 19 பேர். சட்டி, கட்டமோளம், பறை, தவில் ஆகியவை திறந்த வெளியில், சாவு ஊர்வலத்திலும் திருவிழாவிலும் முழங்கிப் பழகியவை. பறையைத் தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகும். குளிரூட்டிய அறையில் அது சீக்கிரம் தளர்ந்துவிடும். கானா பாடகர் தாளத்தைச் சற்று இழுத்துப் பிடித்து, பிறகு ஓடிச் சேர்வார். இயந்திரத் தாளத்தை வைத்துத் தனித்தனியாகப் பதிவு செய்தால் இந்த இழுப்புக்கு இடமிருக்காது.

பதிவான பாடல்களில் கிதாரும் மேற்கத்திய டிரம்ஸும் முன்னே நிற்கின்றன, சட்டி பின்னுக்குப் போய்விடுகிறது என்பதே என் மதிப்பீடு. தோற்கருவிகளை இசை மேடையின் நடுவுக்குக் கொண்டுவர எழுந்த குழு இது. ஆகவே இதைச் சிறு குறை என்று ஒதுக்க முடியவில்லை. குழுவில் பாடிய அறிவு, 2019இல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து வெளியிட்ட 'தெருக்குரல்' தொகுப்பில் இச்சிக்கல் இல்லை. ராப் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே கட்டப்படும் இசை. இருவர் போதும்.

ஆனால் மேடையில் மேளத்தில் அமுங்கும் சொற்கள் பதிவில் தெளிவாகக் கேட்கின்றன. இசைவாணி பாடிய 'ஐயாம் சாரி ஐயப்பா' இதற்குச் சான்று. கோயிலில் பெண்கள் நுழையும் உரிமை பற்றிய அப்பாடல், ஆண்டுகள் கழிந்து 2024 நவம்பரில் மீண்டும் பரவியது. புகார்கள் எழுந்தன, பாடகருக்கு மிரட்டல்கள் வந்தன. மேடையோடு முடிந்திருந்தால் அது இவ்வளவு தூரம் சென்றிருக்காது.

மாணவர்கள் தொகுப்பைக் கேட்பதற்கு முன் மேடைக் காணொளிகளைப் பார்ப்பது நல்லது. நீலம் மையம் 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ச்சிகளின் பதிவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. சட்டியின் ஒலி எப்படியிருக்கும் என்பதை அங்கே கேட்டுவிட்டு 'மகிழ்ச்சி'க்கு வரலாம்.