பாலில் ஒரு துளி அயோடின் போதுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் இராஜபாளையம் வந்து படிக்கும் மாணவி ஒருத்தி, சென்ற பருவத்தில் செய்முறை வகுப்பு முடிந்ததும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் வீட்டில் பால்கோவா செய்து விற்கிறார்கள். “சார், எங்க கோவாவுல அயோடின் விட்டுப் பார்த்தோம். நிறமே மாறல. ‘சோதனை செய்யப்பட்டது, முற்றிலும் பாதுகாப்பானது’ன்னு கடையில எழுதிப் போட்டுரலாமா சார்?”

‘போடலாம்’ என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது, ஆனால் சொல்லவில்லை. “அந்தச் சோதனையை எங்கே படித்தாய்?” என்று கேட்டேன். அவள் காட்டியது, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் பொதுமக்களுக்காக வெளியிட்டுள்ள ‘டார்ட்’ என்னும் கையேடு. கலப்படத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட எளிய சோதனைகள் அதில் உள்ளன. அன்றிரவே அதை முழுதும் படித்தேன். அந்த நூலைப் பற்றிய என் கருத்தை வாசகர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன்.

நூலின் நன்மை

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ணாடிக் குவளை, கொஞ்சம் நீர், மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின் ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் அறிவியல் செய்யலாம் என்று இந்நூல் காட்டுகிறது. கோவாவில் ஸ்டார்ச் கலந்திருக்கிறதா என்று பார்க்க, சிறிதளவு கோவாவை நீரில் இட்டுக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, இரண்டு மூன்று துளி அயோடின் விடச் சொல்கிறது. ஸ்டார்ச் இருந்தால் நீல நிறம் தோன்றும். ‘ஆறவிட்டு’ என்ற அந்தச் சொல் முக்கியமானது. ஸ்டார்ச்சும் அயோடினும் சேர்ந்து தரும் நீலம் சூட்டில் மறைந்துவிடும், ஆறினால்தான் நிலைக்கும். பாலில் சலவைத்தூள் கலந்திருந்தால், சம அளவு நீர் சேர்த்துக் குலுக்கும்போது அடர்ந்த நுரை எழும். இவையெல்லாம் நம்பத்தக்க சோதனைகளே.

தட்டும் துளியும்

எல்லாச் சோதனைகளையும் இப்படிச் சொல்ல முடியாது. பாலில் நீர் கலந்துள்ளதா என்று அறிய, வழவழப்பான சாய்ந்த பரப்பில் ஒரு துளி பாலை விடச் சொல்கிறது நூல். சுத்தமான பால் மெல்ல ஓடி வெள்ளைத் தடம் விடும். நீர் கலந்த பால் தடமில்லாமல் உடனே ஓடிவிடும் என்கிறது. பௌதிக ஆசிரியன் என்ற முறையில் கேட்கிறேன். பரப்பு எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும்? பாலின் வெப்பநிலை என்ன? குளிர்ந்த பாலின் பாகுநிலை வெதுவெதுப்பான பாலின் பாகுநிலையைவிட அதிகம். எருமைப் பாலில் பசும்பாலைவிடக் கொழுப்பு அதிகம். ஆகவே நீர் கலந்த எருமைப் பாலைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துத் துளி விட்டால் அது தேறிவிடலாம். அப்போதுதான் கறந்த, நீர் கலவாத பசும்பால் தோற்றும் போகலாம். நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரே பாலைச் சூடாகவும் குளிரவைத்தும் ஒரே தட்டில் விட்டுப் பாருங்கள். நீர் கலந்ததை அறியச் சங்கத்துக் கொள்முதல் நிலையங்களில் லாக்டோமீட்டர் அளவோடு வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிடுவது, பாலின் அடர்த்தியும் வெப்பநிலையோடு மாறுவதால்தான்.

ஆனாலும் இது சிறு குறை. என் முதன்மையான குறை வேறு. இந்தச் சோதனைகளோடு ஓர் எண் அச்சிடப்படவில்லை. குறைந்தது எவ்வளவு இருந்தால் இந்தச் சோதனை காட்டிக் கொடுக்கும் என்ற எண்தான் அது. பகுப்பாய்வு வேதியியலில் இதைக் ‘கண்டறியும் எல்லை’ என்பார்கள். அந்த எல்லை தெரியாமல் ‘இல்லை’ என்று சொல்லும் சோதனை, கண்ணாடி அணியாமல் தேடிவிட்டு ‘ஊசி இங்கே இல்லை’ என்று சொல்லும் தாத்தாவைப் போன்றது.

கலப்படம் வேறு, மாசு வேறு

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். கலப்படம் செய்பவன் லாபத்துக்காகச் செய்கிறான். ஒரு லிட்டர் பாலில் ஒரு சிட்டிகை மாவு கலந்தால் அவனுக்கு என்ன கிடைக்கும்? நூற்றுக்குச் சில பங்காவது கலந்தால்தான் காசு. ஆகவே அவனைப் பிடிக்க அயோடின் துளி போதும். மாசு அப்படிப்பட்டதன்று. அதை யாரும் வேண்டுமென்று கலப்பதில்லை. அதனால் யாருக்கும் லாபமுமில்லை. எனவே அது மிக நுண்ணிய அளவிலேயே இருக்கும். அந்த நுண்ணளவிலேயே தீங்கும் செய்யும்.

அப்படிப்பட்ட ஒன்றுதான் அஃப்ளாடாக்சின். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்தில் சேர்த்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ‘ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்’ என்னும் பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று பின்னர் தெரிந்தது. 1974இல் நம் நாட்டிலேயே, குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்களில், பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற 397 பேர் ஈரல் நோயுற்று, 106 பேர் இறந்தனர். அங்கே உட்சென்ற அளவு பெரிது. சிறு அளவில் நெடுநாள் உட்கொண்டாலோ ஈரல் புற்றுநோய்க்கு இது ஒரு காரணமாகும்.

கறவை மாடு பூஞ்சை பிடித்த பிண்ணாக்கையோ பருத்திக்கொட்டையையோ தின்றால், தீவனத்திலுள்ள ‘பி1’ என்ற வகை அதன் ஈரலில் ‘எம்1’ என்று மாறி, ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடுகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது அழிவதில்லை.

ஆணையமே 2018இல் நாடு முழுவதும் 1,103 நகரங்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டது. உடலுக்குக் கேடான கலப்படம் இருந்தவை 12 மாதிரிகள்தாம். வரம்பை மீறிய எம்1 இருந்தவையோ 368. அவற்றில் 88 நம் தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் கிடைத்தவை. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இந்தக் கணக்கு எந்த ஊரையும் தனித்துக் குற்றம் சொல்லவில்லை. நானும் நம்மூர்ப் பால்கோவாவைக் குறை கூறவில்லை. ஆனால் பன்னிரண்டைத் தேடக் கற்றுத்தரும் நூல், முந்நூற்று அறுபத்தெட்டைத் தன்னால் காண முடியாது என்று வாசகரிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

இருநூறு லாரியில் ஒரு கிராம்

நம் நாட்டில் பாலில் எம்1 ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இருநூறு கோடியில் ஒரு பங்கு! பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் டேங்கர் லாரிகளை இருநூறு வரிசையாக நிறுத்தி, அத்தனை பாலிலும் ஒரே ஒரு கிராமைக் கரைத்தால் இந்த அளவு வரும். ஐரோப்பிய நாடுகளின் வரம்பு இதிலும் பத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு சிறியதை எப்படிக் காண்கிறார்கள்? இந்நஞ்சுக்கு ஓர் இயல்பு உண்டு. புறஊதாக் கதிர் பட்டால் அது நீலமாக ஒளிரும். ‘அப்படியானால் ஒரு புறஊதா விளக்கை வாங்கிப் பாலின் மேல் காட்டினால் போயிற்று’ என்று எண்ணிவிடாதீர்கள். பாலிலுள்ள ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமினும் புறஊதாவில் ஒளிரும்; அது நஞ்சின் வரம்பைப்போல் மூவாயிரம் மடங்குக்கு மேல் இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தையின் முணுமுணுப்பைக் கேட்க முடியுமா? முதலில் கூட்டத்தை விலக்க வேண்டும்.

அதற்காகப் பாலின் கொழுப்பை நீக்கி, எம்1ஐ மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் நிரப்பிய சிறு குழாய் வழியே செலுத்துகிறார்கள். மற்றவை ஓடிவிட, நஞ்சு குழாயில் தங்கும். அதைக் கரைப்பானால் கழுவி எடுத்து, உயர் அழுத்தத்தில் இயங்கும் வண்ணப்பிரிகைக் கருவிக்குள் செலுத்துகிறார்கள். அதில் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளிவரும். எம்1 வெளிவரும் நொடியில் புறஊதாக் கதிர் பாய்ச்சி, எழும் ஒளியை அளக்கிறார்கள். அந்தக் கருவியும் ‘அறவே இல்லை’ என்று சொல்வதில்லை. ‘இந்த அளவுக்கு மேல் இல்லை’ என்றே சொல்கிறது. நல்ல ஆய்வகத்தின் அறிக்கையில் ‘கண்டறியப்படவில்லை’ என்பதன் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். இனி எந்த அறிக்கையைப் பார்த்தாலும் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

தொழுவத்தில் ஒரு கணக்கு

அப்படியானால் நம்மால் ஆவது ஒன்றுமில்லையா? இருக்கிறது. பாலில் தேடுவதைவிடத் தீவனத்தில் தடுப்பது எளிது. ஒரு மாடு நாளுக்கு 4 கிலோ தீவனம் தின்று 8 லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் பி1 இருந்தால், மொத்தம் 80 மைக்ரோகிராம் உள்ளே போகும். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு பாலில் வருவதாகக் கொண்டால் 1.6 மைக்ரோகிராம், லிட்டருக்கு 0.2. வரம்புக்குள் நின்றுவிடும். அதே தீவனம் நனைந்து பூஞ்சை ஏறி 100 மைக்ரோகிராம் ஆனால், பாலில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். வரம்பைப்போல் இரு மடங்கு. மழைக்காலத்தில் ஒழுகும் கொட்டகை ஒன்றே இந்த வேறுபாட்டை உண்டாக்கப் போதும்.

பூஞ்சை பிடித்த பிண்ணாக்கைக் கழுவிக் காயவைத்துப் போடுவதால் பயனில்லை. பூஞ்சை போனாலும் நஞ்சு போகாது. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கி, சுவரில் படாமல், ஈரமின்றி வைப்பதே வழி. தீவனத்தை மாற்றிவிட்டால் மூன்று நான்கு நாட்களில் பாலில் நஞ்சு வற்றிவிடும் என்பது ஆறுதலான செய்தி.

பால்கோவாவுக்கு வருவோம். பத்து லிட்டர் பால் சர்க்கரையோடு சுண்டி ஏறத்தாழ மூன்று கிலோ கோவாவாகிறது. நீர் போகும், எம்1 போகாது. எனவே பாலில் இருந்ததைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு செறிவு கோவாவில் இருக்கும். ஆனால் கோவாவை நாம் ஐம்பது கிராம் தின்பதே அதிகம். தினமும் பால் குடிக்கும் சிறு குழந்தைகளை எண்ணித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

வேண்டிய ஒரு பக்கம்

இந்த நூலை ஒதுக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மறுபதிப்பில் இரண்டைச் சேர்க்கக் கேட்கிறேன். ஒன்று, ஒவ்வொரு சோதனைக்கும் அதன் கண்டறியும் எல்லை. இரண்டு, ‘வீட்டில் காண முடியாதவை’ என்ற தலைப்பில் ஒரு பக்கம். பூஞ்சை நஞ்சு, பூச்சிமருந்து எச்சம், ஆன்டிபயாட்டிக் எச்சம் ஆகியவற்றை அதில் பட்டியலிட்டு, இவற்றுக்கு ஆய்வகமே வேண்டும் என்று எழுதிவிட வேண்டும். தன் எல்லையைச் சொல்லும் நூலை மக்கள் மேலும் நம்புவார்கள்.

அந்த மாணவிக்கு இதையெல்லாம் சொன்னேன். “அப்ப போர்டுல என்னதான் சார் எழுதுறது?” என்றாள். “செய்ததை எழுது: ‘ஸ்டார்ச் சோதனை செய்யப்பட்டது, ஸ்டார்ச் காணப்படவில்லை’ என்று போடு” என்றேன். அவளுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஒரு வாரம் கழித்து வந்தாள். போர்டு இன்னும் எழுதவில்லையாம். ஆனால் அவள் அப்பா, பால் ஊற்றுபவர்களின் தொழுவங்களுக்கு ஒரு நடை போய்ப் பருத்திக்கொட்டை மூட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தாராம். இரண்டு இடங்களில் மூட்டை தரையில் கிடந்ததாம். அங்கே பலகை போடச் சொல்லியிருக்கிறாராம்.