நாரி முதல் குதி வரை: இறங்கு நோவுக்கு நம் மருத்துவ மரபுகள் காட்டிய வழிகள்

வாழைச்சேனையின் உழைப்பில் பாதி குனிந்து செய்யும் உழைப்பு. வாவியில் வீச்சுவலை எறிபவர், துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்குபவர், வயலில் களை பிடுங்குபவர், தரையில் அமர்ந்து பன்பாய் இழைக்கும் பெண்கள் என எல்லோருக்கும் நாரிதான் முதல். அந்த நாரியில் தொடங்கும் நோவு பிட்டத்தைத் தொட்டு, தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்காலைக் கடந்து குதி வரை சுண்டி இழுத்தால் அன்றைய பிழைப்பு நின்றுவிடும். தும்மினாலும் உயிர் போகும். மருத்துவர்கள் இதைச் சயாட்டிகா என்பார்கள். நோவு இறங்குவது சயாட்டிக் நரம்பின் வழியே; உடலின் மிகத் தடித்த நரம்பு அதுவே. நாரியின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்து உருவாகும் இந்த நரம்பு, இடுப்பருகே ஏறத்தாழ ஒரு விரல் தடிப்பு இருக்கும்.

இந்நோவுக்கு எம் பிரதேசத்தில் ஒன்றல்ல, பல மருத்துவ மரபுகள் உண்டு. வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் பிறைந்துறைச்சேனையும் அடுத்தடுத்த ஊர்கள். சித்தமும் யூனானியும் இங்கே அயலவர்கள். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யூனானி, சுதேச வைத்தியம் ஆகியவற்றை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவந்து, வைத்தியர்களைப் பதிவு செய்யவும் வழி வகுத்தது.

சித்த மரபு

ஈழத்துத் தமிழ் மருத்துவத்துக்கு நீண்ட ஏட்டு வரலாறு உண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் அதன் தூண்கள். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கின்றன.

சித்தர் கணக்கில் இது வாத நோய். முதலில் பேதி கொடுத்து வாதத்தைத் தாழ்த்துவார்கள்; பிறகு எண்ணெய், ஒத்தடம், பத்தியம். ஆமணக்கெண்ணெய்க்கு இங்கே முதலிடம் தரப்பட்டதில் நியாயம் உண்டு. மலச்சிக்கலில் முக்கும்போது முள்ளந்தண்டில் அழுத்தம் கூடிக் கால் நோவும் கூடும். ஆனால் கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. மற்றவர்களும் நாள்தோறும் குடிக்கக் கூடாது.

நொச்சி ஒத்தடத்தைச் செய்முறையோடு சொல்ல வேண்டும். பறித்த நொச்சி இலையை அரிந்து, இரும்புச் சட்டியில் சிறிது ஆமணக்கெண்ணெய் விட்டு, இலை வாடி மணம் எழும் வரை வதக்குவார்கள். பழந்துணியில் பொட்டணமாகக் கட்டி, வைத்தியர் முதலில் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். பின்னரே நாரியிலிருந்து பிட்டத்துக்கும் தொடைப் பின்புறத்துக்கும் ஒற்றி ஒற்றி இறங்குவார். சீனி வருத்தத்தால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகே கண்டுகொள்வார்கள். மணிக்கட்டில் பார்க்கும் அந்த ஒரு கணம் அவர்களைக் காக்கிறது. வாதநாராயணி, முடக்கொத்தான் இலைகளும், வேர்க்கொம்பும் உள்ளியும் சேர்த்த உணவும் இதே வழியில் வருபவை. பாதரசமோ வேறு உலோகங்களோ சேர்ந்த பற்பம், செந்தூரங்களைப் பதிவு பெற்ற வைத்தியர் கையிலன்றி வேறெங்கும் வாங்கக் கூடாது.

ஆயுர்வேதமும் சிங்களப் பரம்பரையும்

ஆயுர்வேதம் இதைக் கிருத்ரசி என்கிறது. பிட்டத்தில் தொடங்கி இடுப்பு, தொடை, முழங்கால், கெண்டை, பாதம் என நோவு இறங்கும் ஒழுங்கைச் சரகர் வரிசையாகச் சொல்கிறார். இது காலை உயர்த்த விடாது என்கிறார் சுஸ்ருதர். நிமிர்ந்து படுத்தவரின் காலை மடக்காமல் உயர்த்தி நோவைக் கண்டறியும் சோதனையை 1881இல் பாரிசில் ஃபோர்ஸ்ட் தம் ஆசிரியர் லசேக்கின் பெயரால் எழுதி வைத்தார். அந்தச் சோதனைக்கு ஆதாரமான குறியைச் சுஸ்ருதர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார்.

சிங்கள மக்களின் முறிவு நெரிவு வைத்தியம் இன்னொரு கிளை. பச்சிலை அரைத்துப் பத்துப் போடுவதும், எண்ணெய் நீவுவதும், கட்டுவதும் அதன் கைவேலை.

யூனானி மரபு

இப்னு சீனாவின் கானூன் நூல், இடுப்போடு நிற்கும் நோவையும் கால் வழியே இறங்கும் இர்குன்னிஸாவையும் பிரித்துக் காட்டுகிறது. தல்க் எனும் நீவல், ஹிஜாமா எனும் கப்பு வைத்தல், மலமிளக்கி, உணவுக் கட்டுப்பாடு ஆகியவை அம்மரபின் வழிகள். ஹிஜாமாவில் தோலைக் கீறுவதாயின் ஒருவருக்கு ஒரு புதிய அலகு என்பது கட்டாயம். இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

அசைவின் வழி

1934இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்ட்டரும் பாரும், முள்ளந்தண்டின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதை விளக்கினார்கள். பெரும்பாலானோரின் இறங்கு நோவுக்கு அதுவே காரணம். நியூசிலாந்தின் இயன்மருத்துவர் ராபின் மெக்கென்சி, சரியான அசைவில் கால் நோவு மேலேறி நாரிக்குள் ஒடுங்குவதை நல்ல குறியாகக் கண்டார். நாரி சற்று நொந்தாலும் கால் நோவு சுருங்கினால் அந்தப் பயிற்சியைத் தொடரலாம். கால் வழியே இன்னும் கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும்.

பாயோடு கிடப்பது தீர்வல்ல. 183 நோயாளிகளை வைத்து நெதர்லாந்தில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரம் படுக்கையில் இருந்தவர்கள் நடமாடியவர்களைவிட நலம் பெறவில்லை. எமக்கோ பாசிக்குடா இருக்கிறது. அலை குறைந்த, நெடுந்தூரம் ஆழமில்லாத அந்தக் கடலில் இடுப்பளவு நீரில் மெல்ல நடந்தால் உடற்பாரம் குறைந்து நாரி இளைப்பாறும். கரையில் பாரம் தூக்கும்போது உடலைத் திருகாமல் பாதத்தைத் திருப்ப வேண்டும். பாரத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும்.

உரைகல்

இத்தனை மரபுகளையும் எதைக் கொண்டு மதிப்பிடுவது? குணமானவர் தொகை மட்டும் போதாது. இந்நோவு பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் தானாகவே தணியும். அப்போது எண்ணெய் போட்டவருக்கும், கப்பு வைத்தவருக்கும், ஊசி போட்டவருக்கும் புகழ் சேரும். ஆகவே நல்ல வைத்தியரை அறிய வேறு அளவு வேண்டும்: யாருக்குத் தன் மருந்து போதாது என்று முதல் பார்வையிலேயே கண்டுகொள்கிறாரா என்பதே அது.

அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். குதியால் நடக்கச் சொல்லுங்கள், பிறகு நுனிக்காலால் நடக்கச் சொல்லுங்கள். பெருவிரலை மேலே தூக்கச் சொல்லுங்கள். பாதம் தொங்கினால் தாமதிக்கக் கூடாது. சலம் அடைபடுதல், சலமோ மலமோ அறியாமல் போதல், இருக்கும் இடமும் மறைவிடமும் மரத்தல், இரண்டு காலும் சேர்ந்து பலமிழத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே வைத்தியசாலை. நரம்புக் கற்றை நசுங்கியிருந்தால் சத்திரசிகிச்சைக்கு மணித்தியாலங்களே அவகாசம். காய்ச்சல், காரணமில்லா மெலிவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, விழுந்து அடிபட்ட நோவு ஆகியவற்றிலும் எண்ணெய்க்கு முன் பரிசோதனை வேண்டும்.

நோவு இறங்கும் வழியைக் கேட்டு, காலைத் தூக்கிப் பார்த்து, அதன் பிறகே கை வைக்கும் ஒழுக்கத்தை எம் முன்னோர் ஏட்டில் எழுதி வைத்தார்கள். இன்றைய பரியாரியாரும் ஹகீமும் தம்மிடம் வருபவரின் குறிகளையும், கொடுத்ததையும், ஆறு வாரத்தின் பின் கண்டதையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை தூரத்தில் இல்லை. அங்கே அனுப்பும் துண்டில் அந்தக் குறிப்புகளையும் எழுதிக் கொடுத்தால் வைத்தியர்களின் வேலை இலகுவாகும். மரபைக் கையளிக்கும் பொறுப்புள்ளவர்கள் மருந்துச் சரக்கின் பட்டியலோடு இந்தப் பழக்கத்தையும் இளையவர்களுக்குக் கையளிக்க வேண்டும்.