மரியம் ஏன் வீட்டைவிட்டுப் போகவில்லை?

காலித் ஹுசைனியின் 'எ தவுசண்ட் ஸ்பிளெண்டிட் சன்ஸ்' (2007) நாவலைப் படித்து முடித்த தோழி ஒருத்தி என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இத்தனை வருஷம் அடி வாங்கிக்கிட்டு அந்த மரியம் ஏன் அங்கேயே இருந்தா? எங்கயாவது போயிருக்கலாம்ல?"

கேள்வியில் அக்கறை இருக்கு. ஆனா, இருந்தது அவ தப்புங்கிற மாதிரி ஒரு குற்றச்சாட்டும் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அதனால் இந்த ஒரு கேள்வியோடு நாவலைத் திரும்பப் படித்தேன். (கதையின் முடிவையும் பேசப்போகிறேன். தெரியாமல் படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

போவதென்றால் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். மரியம், ஹெராத் நகரத்துப் பணக்காரர் ஜலீலுக்கு முறைப்படி மணக்காத உறவில் பிறந்தவள். ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் தாயோடு வளர்கிறாள். பள்ளிக்கூடம் போக ஆசைப்படும்போது, உனக்கும் எனக்கும் தேவையான ஒரே வித்தை பொறுத்துக்கொள்வதுதான் என்கிறாள் அம்மா. 1974இல் அப்பாவைத் தேடி அவர் வீட்டு வாசலுக்குப் போகிறாள். கதவு திறக்கவில்லை, ராத்திரி முழுக்க வெளியே கிடக்கிறாள். திரும்பி வந்தால் அம்மா தூக்கில் தொங்குகிறாள்.

அடுத்த சில நாட்களிலேயே வரன் தயார். 15 வயதுப் பெண்ணுக்கு, அவளைவிட முப்பது வயது மூத்த, காபூலில் செருப்புத் தைக்கும் ரஷீத். ஜலீலின் மனைவிகள் எடுத்துச் சொல்ல, ஜலீல் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார். நிக்காவில் சம்மதம் கேட்கிறார்கள், அவளும் கடைசியில் ஆமாம் என்கிறாள். வேறென்ன சொல்வாள்? அவள் திரும்பிப் போகக்கூடிய ஒரே கதவு கல்யாணத்துக்கு முன்னாலேயே சாத்தப்பட்டாச்சு.

கல்யாணமான புதிதில் ரஷீத் ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறான், ஊர் சுற்றிக் காட்டுகிறான். கர்ப்பம் அடுத்தடுத்துக் கலையக் கலையத்தான் கை நீள ஆரம்பிக்கிறது. சோறு சரியாக வேகவில்லை என்று கூழாங்கல்லை அவள் வாயில் போட்டு மெல்ல வைக்கும் காட்சியைப் படித்தவர்கள் மறந்திருக்க முடியாது. இரண்டு கடைவாய்ப் பற்கள் உடைகின்றன. அது நடப்பது 1978இல், கம்யூனிஸ்ட்டுகள் ஆட்சியைப் பிடிக்கிற அதே அத்தியாயத்தில். அந்த அரசு அக்டோபரில் கட்டாயத் திருமணத்தைத் தடை செய்தது, பெண்ணின் திருமண வயது 16 என்று ஆணை போட்டது. மரியத்துக்கு அப்போ கல்யாணமாகி நாலு வருஷம்.

இந்த நாவலைத் 'தாலிபான் காலத்துப் பெண்களின் கதை' என்று பலர் சுருக்கிச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். தாலிபான் காபூலைப் பிடித்தது 1996இல். அதற்குள் மரியத்துக்குக் கல்யாணமாகி 22 வருஷம் ஆகிவிட்டது. தாவூத் கான், கம்யூனிஸ்ட்டுகள், முஜாஹிதீன்கள், தாலிபான் என்று வெளியே ஆட்சி மாறிக்கொண்டே இருக்கு. வீட்டுக்குள்ளே ரஷீத் ஆட்சி மட்டும் மாறல.

என் தோழியின் கேள்விக்கு நேரடியான பதில் 1994இல் நடக்கும் அத்தியாயத்தில் இருக்கிறது. ரஷீத் இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்ட லைலாவும் மரியமும் குழந்தை அஸீஸாவோடு நிஜமாகவே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். பேருந்து நிலையத்தில் ஆண் துணை இல்லாமல் பயணம் போக முடியாது. உறவுக்காரனாக நடிக்க ஒத்துக்கொண்ட அந்நியன் பணத்தை வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுக்கிறான். காவல் நிலையத்தில், திருப்பி அனுப்பினால் அவன் என்ன செய்வான் என்றே சொல்ல முடியாது என்று லைலா மன்றாடுகிறாள். புருஷன் வீட்டுக்குள் என்ன செய்தாலும் அது அவன் விஷயம் என்பது அதிகாரியின் பதில். அன்றைக்கே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். வெயிலில் பூட்டிய அறையில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், குழந்தை சாகும் நிலைக்குப் போகிறது. அப்படின்னா, அவங்க போகாம இல்லை. போனாங்க. திருப்பிக் கொண்டுவந்து விட்டாங்க.

எனக்கு ஒரு குறையும் உண்டு. போகப் போக ரஷீத் முழு அரக்கனாகிவிடுகிறான். அவனைத் திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடுவது சுலபம், நம்ம வீட்டில் இப்படி யாரும் இல்லை என்று நிம்மதியும் அடையலாம். என்னைத் தூங்கவிடாதவர் ஜலீல்தான். கை ஓங்காதவர், வாராவாரம் மகளுக்குப் பரிசோடு வந்தவர், பாசமானவர். தன் கௌரவத்துக்காக அவளைத் தள்ளிவிட்டு, பல வருஷம் கழித்து மனம் திருந்தி கடிதம் எழுதுகிறார். ரஷீதை யாரும் தன்னோடு ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார்கள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று மகளைத் திருப்பி அனுப்பும் அப்பாக்கள் ஜலீலிடம் தங்கள் முகத்தைப் பார்க்கலாம். ஹுசைனி அவரை இன்னும் கொஞ்சம் கடுமையாக விசாரித்திருக்க வேண்டும்.

கடைசியில் லைலாவின் கழுத்தை ரஷீத் நெரிக்கும்போது மரியம் மண்வாரியால் அவனை அடித்துக் கொல்கிறாள். லைலா தப்பிப் போக, தான் சரணடைந்து காஸி மைதானத்தில் மரண தண்டனை பெறுகிறாள். அவளுக்குக் கிடைத்த ஒரே வெளியேறும் வழி அதுதான்.

தோழியிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அவளை ஏன் கேட்டேன், அந்தப் போலீஸ்காரனை இல்ல கேட்டிருக்கணும்" என்றாள். அவ அப்பாவையும் சேர்த்துக் கேட்கணும் என்றேன்.